மாடிப்படிச் சுவரில் மாட்டிய விடுதலை

1991. அம்பேத்கர் நூற்றாண்டு. நான் அப்போது ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளன். பியூன், காவலர், துப்புரவு, ரெண்டு மூணு எழுத்தர் என்று எங்கள் ஆட்கள் அங்கே இருபது பேருக்குள்தான். ஆளுக்கு மாசம் பத்து ரூபாய் போட்டுச் சேர்த்து, சினிமா பேனர் எழுதுகிற ஒரு ஓவியரிடம் கொடுத்துப் படம் வரைந்து வாங்கினோம். எட்டடி உயரம், அஞ்சடி அகலம். நீலக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, கையில் அரசியல் சட்டம். பின்னால் வெறும் ஆகாயம்.

கூட்ட அறையில் மாட்ட அனுமதி கேட்டோம். அதிகாரி கோபப்படவில்லை. ரொம்பத் தன்மையாகத்தான் பேசினார். "இவ்ளோ பெரிய படத்துக்கு ஹால்ல எங்கப்பா இடம்? மாடிப்படிச் செவுரு சும்மாதானே கெடக்கு, அங்க மாட்டிக்கோங்க. ஏறும்போதும் எறங்கும்போதும் எல்லாரும் பாப்பாங்க."

சும்மா கிடந்த சுவர் எது என்று எங்களுக்குத் தெரியும். படி திரும்புகிற மூலையில் மார்பளவு உயரத்துக்கு வெற்றிலை எச்சில். அந்த அலுவலகம் கட்டினதிலிருந்து துப்பின எச்சில். எங்களில் ஒருத்தர் கேட்டார்: "எச்சி துப்புறது நிக்கணும்னா சாமிப் படம் போட்ட ஓடு ஒட்டுவான். இப்ப நம்ம அய்யாவ மாட்டச் சொல்றானா?" மூணு நாள் இதே பேச்சு. மாட்டக்கூடாது என்று ஒரு கூட்டம். சுவர் கிடைத்ததை விடக்கூடாது என்று ஒரு கூட்டம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களே சுவரைச் சுரண்டி, கழுவி, சுண்ணாம்பு அடித்து, அடுத்த ஞாயிறு மாட்டினோம்.

மாடிப்படிச் சுவரில் பெரிய படம் மாட்டுவது லேசான வேலை இல்லை. ஏணி நிற்காது. சவுக்குக் கழியில் சாரம் கட்டினால் ஒரு கால் மேல்படியில், ஒரு கால் கீழ்ப்படியில். கழியின் நீளத்தை அதற்குத் தக்கபடி வெட்டணும். கைப்பிடிச் சுவர் சாய்வாகப் போவதால், நேராக மாட்டிய படமும் கண்ணுக்குக் கோணலாகவே தெரியும். கண்ணை நம்பாமல் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் நம்பணும். கொத்தனார் வேலை தெரிந்த காவலர்தான் அன்றைக்கு எங்களுக்குத் தலைவர். படத்தின் தலைப்பக்கம் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கும்படி கட்டினார். கீழே நிற்பவன் அண்ணாந்து பார்க்கும்போது முகம் தெரியணுமே.

எல்லாம் முடிந்து கீழே வந்து நின்றோம். சிலருக்குக் கண்ணில் தண்ணீர். அங்கே துப்புரவு வேலை பார்த்த அக்கா, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "நல்லாத்தான் தம்பி இருக்கு. அய்யா தனியா நிக்கிறாரே. நாம எல்லாம் எங்க?"

நாங்கள் சிரித்தோம். "நாமதான்க்கா கீழ நின்னு பாக்கறமே" என்று நான்தான் சொன்னேன். பெரிய பதில் சொல்லிவிட்டதாக நினைப்பு வேறு.

அந்தப் பதில் எவ்வளவு மோசமானது என்பது பல வருஷம் கழித்து, இன்னொரு நாட்டு மாடிப்படியில் மாட்டியிருக்கிற ஒரு படத்தை அச்சில் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்தப் படத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் கேபிட்டல். அதில் செனட் அவை இருக்கிற பக்கத்தின் மேற்கு மாடிப்படியில் இந்தப் படம் இருக்கிறது. வரைந்தவர் பிரான்சிஸ் பிக்னெல் கார்ப்பென்டர். வருஷம் 1864. ஒன்பதடி உயரம், பதினைந்தடி அகலம். என் வீட்டுச் சுவரில் சாக்கட்டியால் இந்த அளவைக் குறித்துப் பார்த்தேன். சுவர் போதவில்லை. படத்தின் பொருள்: அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தை ஆபிரகாம் லிங்கன் தன் அமைச்சர்களுக்கு முதன்முதலாக வாசித்துக் காட்டியது. அது நடந்த நாள் 1862 ஜூலை 22.

படத்தில் எட்டுப் பேர். லிங்கன் உட்கார்ந்திருக்கிறார், கையில் காகிதம். இடது ஓரத்தில் போர் அமைச்சர் ஸ்டான்டன். பக்கத்தில் நிற்பவர் நிதியமைச்சர் சேஸ். மேசைக்கு இந்தப் பக்கம் வெளியுறவு அமைச்சர் சீவர்ட், பக்கவாட்டு முகம். அப்புறம் வெல்ஸ், ஸ்மித், பிளேர். கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு பேட்ஸ். எட்டுப் பேரும் வெள்ளைக்காரர், எட்டுப் பேரும் ஆண்கள். யாருடைய விடுதலை வாசிக்கப்படுகிறதோ அவர்களில் ஒருத்தர்கூட அந்த 135 சதுர அடியில் இல்லை.

இல்லை என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. படத்தின் வலது கீழ்மூலையைப் பாருங்கள். அங்கே ஒரு வரைபடம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அது கற்பனை வரைபடம் அல்ல. 1860 மக்கள்தொகைக் கணக்கை வைத்து அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறை 1861-இல் போட்டது. தெற்கு மாநிலங்களின் ஒவ்வொரு வட்டாரத்திலும் நூற்றுக்கு எத்தனை பேர் அடிமைகள் என்பதைக் கறுப்புச் சாயத்தின் அழுத்தத்தால் காட்டும் வரைபடம். அடிமைகள் அதிகம் என்றால் அடர்ந்த கறுப்பு. குறைவு என்றால் வெளிறல். அந்தக் கணக்கின்படி நாடு முழுவதும் அடிமைகள் 39,53,760 பேர். அந்த நாற்பது லட்சம் பேர் இந்த ஓவியத்துக்குள் நுழைந்தது இப்படித்தான். முகம் இல்லை, கை இல்லை. ஒரு காகிதத்தின் மேல் சாயமாக, மேசை நாற்காலிகளுக்கு நடுவே ஒரு தட்டுமுட்டுச் சாமானாக.

உடனே ஒரு கேள்வி வரும். அமைச்சரவைக் கூட்டத்தில் அடிமைகள் எப்படி இருக்க முடியும்? நடந்ததைத்தானே வரைந்திருக்கிறான்? நியாயமான கேள்வி. கார்ப்பென்டர் பொய் வரையவில்லை. அவர் அடிமை முறையின் எதிரி. இந்தப் படத்துக்காகவே 1864-இல் ஆறு மாசம் வெள்ளை மாளிகையில் தங்கி, ஒவ்வொரு அமைச்சரையும் உட்காரவைத்து, நாற்காலி மேசையெல்லாம் பார்த்துப் பார்த்து வரைந்தார். அந்த அனுபவத்தை 1866-இல் புத்தகமாகவும் எழுதினார். ஆள் நல்லவர்தான்.

ஆனால் எந்த அறையை வரைவது என்று தேர்ந்தெடுத்தது அவர்தானே? விடுதலை அந்த ஒரு அறையில்தான் நடந்தது என்று யார் முடிவு பண்ணியது?

தேதிகளை வைத்துப் பார்ப்போம். 1861 மே மாசம், போர் தொடங்கி ஒன்றரை மாசம் ஆகவில்லை. வர்ஜீனியாவில் பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மலோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்று மூன்று அடிமைகள் ராத்திரியில் ஒரு படகில் ஏறி, வடக்குப் படையின் கையில் இருந்த மன்றோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். எஜமான் ஆள் அனுப்பித் திருப்பிக் கேட்டான். தளபதி பட்லர் கொடுக்க மறுத்தார். எதிரியிடமிருந்து கைப்பற்றிய பொருள் என்று கணக்குச் சொல்லித்தான் மறுத்தார். மனிதர்கள் என்று சொல்லி அல்ல. ஆனாலும் வழி திறந்துவிட்டது. மூணு பேர் முப்பதாகி, முன்னூறாகி, ஆயிரக்கணக்கில் வந்தார்கள். தோட்டங்களில் வேலை நின்றது. டு பாய்ஸ் 1935-இல் எழுதிய மறுசீரமைப்புக் காலம் பற்றிய நூலில் இதை அடிமைகளின் பொது வேலைநிறுத்தம் என்றே சொல்கிறார். பிற்பாடு வடக்குப் படையில் சேர்ந்து துப்பாக்கி தூக்கிய கறுப்பர்கள் மட்டும் ஏறக்குறைய 1,80,000 பேர்.

அந்தப் படகுக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் அந்த அறையில் காகிதம் வாசிக்கப்பட்டது. வாசித்து என்ன நடந்தது? சீவர்ட் சொன்னார்: இப்போது வெளியிட்டால் தோற்றுப்போகிறவன் கதறுகிற மாதிரி இருக்கும், ஒரு வெற்றி கிடைக்கட்டும். லிங்கன் ஒப்புக்கொண்டு காகிதத்தை எடுத்து வைத்துவிட்டார். செப்டம்பர் 22-இல்தான் முன்னறிவிப்பு வந்தது. 1863 ஜனவரி 1-இல்தான் பிரகடனம். அதுவும் கலகம் செய்த மாநிலங்களுக்கு மட்டும். நாடு முழுவதற்குமான ஒழிப்பு 1865 டிசம்பரில், பதின்மூன்றாவது திருத்தத்தில். கார்ப்பென்டர் பிடித்திருக்கிற கணம் சீவர்ட் அந்த யோசனையைச் சொன்ன கணம். விடுதலை கொடுத்த கணம் என்று உலகம் அண்ணாந்து பார்க்கிற இந்தப் படம், நிஜத்தில் விடுதலையைத் தள்ளிவைத்த கணம். நம் ஊர் அலுவலகங்களில் நம் கோப்பு எத்தனை முறை இப்படித் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது! தள்ளிவைத்தவனை யாரும் பதினைந்தடியில் வரைந்ததில்லை.

இன்னொன்று. கார்ப்பென்டர் தங்கியிருந்த அதே வெள்ளை மாளிகைக்கு லிங்கனின் மனைவிக்குத் துணி தைக்க வந்துகொண்டிருந்தவர் எலிசபெத் கெக்லி. அடிமையாகப் பிறந்தவர். 1855-இல் 1,200 டாலர் கொடுத்துத் தன்னையும் தன் மகனையும் தானே விலைக்கு மீட்டுக்கொண்டவர். பிறகு 1868-இல் தன் கதையைப் புத்தகமாக எழுதியவர். அவர் நடந்த நடையில்தான் இந்த ஓவியரும் நடந்தார். தூரிகை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

படம் அந்தக் கட்டடத்துக்கு வந்த விதத்தையும் சொல்லணும். எலிசபெத் தாம்சன் என்ற பணக்காரப் பெண்மணி 25,000 டாலருக்கு வாங்கி நாட்டுக்குக் கொடுத்தார். 1878 பிப்ரவரி 12, லிங்கன் பிறந்தநாளில் விழா. படத்தை ஏற்றுக்கொண்டு பேசியவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ். யார் இவர்? அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தெற்கு அரசின் துணைத் தலைவர். கறுப்பன் வெள்ளையனுக்குச் சமமில்லை என்பதுதான் எங்கள் அரசின் மூலைக்கல் என்று 1861-இல் மேடையேறிச் சொன்னவர். அவரே விடுதலைப் படத்துக்கு விழா எடுக்கிறார். எப்படி முடிந்தது? அதற்கு முந்தின வருஷம், 1877-இல், கறுப்பர்களுக்குப் பாதுகாப்பாகத் தெற்கில் நின்ற மைய அரசுப் படைகளைத் திருப்பிக் கூப்பிட்டுவிட்டார்கள். வெள்ளையர்கள் தங்களுக்குள் ராசியாகிவிட்டார்கள். அடிமையாகப் பிறந்து செனட் உறுப்பினராகியிருந்த பிளான்ச் புரூஸ் அப்போது அதே கட்டடத்தில் இருந்தார். ஆனாலும் ராசிக்குத் தோதான படம் இதுதான். இதில் கறுப்பன் இல்லை. அதனால் ஸ்டீபன்ஸுக்கும் இதில் உறுத்த ஒன்றும் இல்லை.

அந்தக் கட்டடத்தில் பெரிய மாடிப்படிகள் நாலு. நாலிலும் பெரும் படங்கள். செனட் பக்கம் கிழக்குப் படியில் பவல் வரைந்த ஈரி ஏரிப் போர், 1873. படகில் இருப்பவர்களுக்கு நடுவே ஒரு கறுப்பு மாலுமி. பிரதிநிதிகள் அவைப் பக்கம் மேற்குப் படியில் லாய்ட்சே 1862-இல் சுவர் மேலேயே தீட்டிய மேற்கு நோக்கிய குடியேற்றம், இருபதடிக்கு முப்பதடி. முதலில் போட்ட மாதிரிப் படத்தில் இல்லாத ஒரு கறுப்பு இளைஞனை, சுவரில் தீட்டும்போது முன்வரிசையில் சேர்த்தார். கோவேறு கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். கழுதை மேல் வெள்ளைக்காரத் தாயும் பிள்ளையும். அதே பக்கம் கிழக்குப் படியில் கிறிஸ்டி 1940-இல் முடித்த அரசியல் சட்டக் கையெழுத்து. அதுவும் இருபதுக்கு முப்பது. அடிமைகளை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணச் சொன்ன சட்டம் அது. படத்தில் அந்த மூன்று பங்கும் இல்லை. நாலாவது நம் படம். போர்ப்படத்தில் ஒருத்தன் இருக்கிறான். குடியேற்றப் படத்தில் கயிறு பிடிக்கிறான். விடுதலை என்று பெயர் வைத்த படத்தில்தான் ஆளே காணோம்.

அந்தக் கட்டடத்தைக் கட்டக் கல் உடைத்ததிலும் மரம் அறுத்ததிலும் அடிமைகளின் கை இருந்தது. கூலியை எஜமானர்கள் வாங்கிக்கொண்டார்கள். உச்சியில் நிற்கிற சுதந்திரச் சிலையை வார்த்த பட்டறையில் பிலிப் ரீட் என்ற அடிமை வேலை செய்தார். அவருக்கென்று கையில் கொடுத்த கூலி ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும், நாளுக்கு ஒன்றேகால் டாலர். இந்த உழைப்பை ஒப்புக்கொண்டு அந்தக் கட்டடத்தில் ஒரு கல் வைக்க 2012 ஆனது. சுவர் கட்டியவனுக்குச் சுவரில் இடம் கிடைக்க எத்தனை காலம் ஆகிறது பாருங்கள்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு: சம்பந்தம் பழசு. ஜோதிராவ் பூலே 1873-இல் வெளியிட்ட குலாம்கிரி நூலை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946-இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். பூலேவுக்கு அந்தச் சேதி கொடுத்தவர்களின் பெயரோடுதான் வந்து சேர்ந்திருக்கும். படகில் ஏறிய மூணு பேரின் பெயரோடு வந்திருக்காது. அந்தத் தூரத்தில் இருந்துகொண்டு அவர் நன்றி சொன்னதில் தப்பில்லை. தெரிந்துகொண்ட பிறகும் நாம் அதே படத்தை வரைந்துகொண்டிருந்தால் தப்பு.

வரைந்துகொண்டுதான் இருக்கிறோம். எங்கள் எட்டடிப் படத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எந்தச் சுவர் என்பதற்காக மூணு நாள் சண்டை போட்டோம். அது தேவையான சண்டைதான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அம்பேத்கர் வரைவை முன்வைத்துப் பேசிய அதே மண்டபத்தில், பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபத்தில், அவர் படம் ஏற 1990 ஏப்ரல் 12 வரை ஆனது. அவர் இறந்து 33 வருஷத்துக்கு மேல். சுவர் சும்மா கிடைப்பதில்லை. ஆனால் சுவருக்காகச் சண்டை போட்ட நாங்கள், படத்துக்குள் என்ன இருக்கணும் என்று ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. ஓவியரிடம் அளவு சொன்னோம், கோட்டு நிறம் சொன்னோம். ஒற்றை ஆளாக நிற்கவைத்தோம். கையில் புத்தகம் கொடுத்தோம். கொடுக்கிறவர் ஒருத்தர், வாங்குகிற நாங்கள் கீழே. கார்ப்பென்டர் செய்ததும் இதுதானே? அவர் வெளியாள். நாங்கள் உள்ளாள். அதுதான் வித்தியாசம்.

அம்பேத்கரையும் லிங்கனையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் குதிக்க வேண்டாம். லிங்கன் எஜமானர் பக்கத்து ஆள். அம்பேத்கர் நம்மிலிருந்து எழுந்தவர். அதனால்தான் அவரைத் தனியாக நிறுத்துவது இன்னும் பெரிய அநியாயம். 1927 மார்ச் 20-இல் மகாத்தில் சவுதார் குளத்துக்கு அவர் தனியாகவா போனார்? ஆயிரக்கணக்கான பேர் வரிசையாக நடந்து போய்த் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார்கள். திரும்பும்போது சாதி இந்துக்களிடம் அடி வாங்கினார்கள். குளத்தைத் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு நடந்து பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிய 1937 ஆனது. அன்றைக்கு அடி வாங்கிய ஒருத்தரின் முகத்தையாவது நம் சங்கங்களின் சுவரில் பார்த்திருக்கிறோமா? நம் பத்திரிகைகளின் அட்டைகளை வரிசையாகப் பரப்பி வைத்துப் பாருங்கள், இந்தப் பத்திரிகை உட்பட. ஒற்றை முகம், ஒற்றை விரல், பின்னால் ஆகாயம்.

இதைப் படிக்கிற ஓவியர்களிடமும் எழுதுகிறவர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை. எந்த அறையை வரைகிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்வோம். சட்டம் கையெழுத்தான அறையா, குளத்தங்கரையா? கையெழுத்தையும் வரையலாம், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் குளத்தங்கரையை வரைந்தால் அய்யாவுக்கும் அதில் இடம் உண்டு, நமக்கும் உண்டு. அறையை வரைந்தால் நாம் மறுபடியும் வரைபடத்துச் சாயம்தான்.

அந்த அலுவலகம் இப்போது வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. எங்கள் படம் என்ன ஆனது என்று விசாரித்துப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. அந்த அக்காவும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். போன வருஷம் அவர் தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். அன்றைக்குக் கேட்டதை ஞாபகப்படுத்தினேன். அவருக்கு ஞாபகமில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் கேட்டிருப்பேன் தம்பி. அந்தச் செவுத்து எச்சிய ஏழு வருசம் கழுவுனது நான்தானே."